தறி மாறலாம், கோரை மாறக் கூடாது!



உங்கள் அப்பாவிடமோ, மாமாவிடமோ, 'ரியூ, கென், சுன்லி என்பவர்களைத் தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நெருப்புப் பந்து வீசுவது போல் நடித்துக் காட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். மூவரும், 'ஸ்ட்ரீட் பைட்டர்' என்ற, 'வீடியோ கேம்' சண்டை வீரர்கள். 1990களில் சிறுவர்களாக இருந்த பலரும், காசு கொடுத்து ஆடும் கடைகளில், இவர்களுக்காக வரிசையில் நின்றிருக்கின்றனர்.

அதே விளையாட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2025 ஜூனில், ஜப்பானின், 'நின்டெண்டோ' நிறுவனம், 'ஸ்விட்ச் 2' என்ற புதிய விளையாட்டுக் கருவியை வெளியிட்டபோது, 'ஸ்ட்ரீட் பைட்டர் 6'ம் கூடவே வந்தது. கருவி புத்தம் புதிது. அதில் ஆடும் வீரர்களோ, உங்கள் அப்பா காலத்தவர்கள்!

'பழைய விளையாட்டைப் புதுக் கருவிக்குக் கொண்டு வருவது நல்லதா, வெறும் வியாபாரமா?' இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில், கதையைத் தெரிந்து கொள்வோம். ஜப்பானில் உள்ள, 'கேப்காம்' நிறுவனம், 1987ல், முதல், 'ஸ்ட்ரீட் பைட்டர்' விளையாட்டை உருவாக்கியது. அதற்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை. 1991ல் வந்த இரண்டாம் பாகம் தான், உலகையே கவர்ந்தது. அதில், எட்டு வீரர்களில் ஒருவரை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரேசில், ரஷ்யா என, ஒவ்வொருவரும் ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள். நம் நாட்டின் சார்பிலும் ஒருவர் உண்டு. அவர் பெயர் தால்சிம். யோகா செய்பவர், கை கால்களை ரப்பர் போல நீட்டுவார்!

இந்த இரண்டாம் பாகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு குத்து விட்டு, அது முடிவதற்குள் அடுத்ததைச் சரியான நேரத்தில் சேர்த்தால், எதிராளியால் தடுக்க முடியவில்லை. இது, தயாரித்தவர்கள் திட்டமிடாதது; சோதனையின்போது தற்செயலாகத் தெரிந்தது. 'இதை யார் கண்டுபிடிக்கப் போகின்றனர்?' என்று விட்டுவிட்டனர். சிறுவர்கள் கண்டுபிடித்து விட்டனர்! இன்று, எல்லாச் சண்டை விளையாட்டுகளிலும், 'காம்போ' என்ற பெயரில் இருப்பது, அந்தத் தொடர் அடிதான்.

இவ்வளவு புகழ் பெற்ற விளையாட்டு ஏன் தூங்கிப் போனது?

1997ல் வந்த மூன்றாம் பாகத்தில், ரியூ, கென் தவிர, பழகிய முகங்கள் பெரும்பாலும் இல்லை. ஆடுவதும் கடினமாகி விட்டது. அதற்குள், 'டெக்கன்' போன்ற முப்பரிமாண விளையாட்டுகள் வந்து கூட்டத்தை இழுத்தன. காசு போட்டு ஆடும் கடைகளும் குறைந்தன. 1999ல் வந்த, மூன்றாம் பாகத்தின் கடைசிப் பதிப்புக்குப் பின், 2008 வரை நான்காம் பாகம் வரவே இல்லை.

ஆனால், ஆடுபவர்கள் கைவிடவில்லை. 2004ல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த, 'எவோ' போட்டியில், ஜப்பான் வீரர் டைகோ உமெஹாராவின் பாத்திரத்துக்கு, ஒரே ஒரு துளி உயிர் தான் மிச்சம். தொட்டாலே தோல்வி. அமெரிக்க வீரர் ஜஸ்டின் வாங், 15 உதைகள் கொண்ட பெரிய தாக்குதலைத் தொடுத்தார். டைகோ, பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் தடுத்து, அந்த ஆட்டத்தையும் வென்றார். அரங்கமே எழுந்து கூச்சலிட்டது. அந்தக் காட்சி இணையம் வழியாக உலகம் முழுதும் பரவியது. புதிய பாகமே இல்லாத காலத்தில், பழைய விளையாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள் தான்.

2008ல், யோஷிநோரி ஓனோ என்பவரின் தயாரிப்பில், நான்காம் பாகம் ஜப்பான் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. 2009 பிப்ரவரியில், 'பிளே ஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360' ஆகிய, வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. அவரது குழு என்ன செய்தது தெரியுமா? படத்தை முப்பரிமாணமாக்கியது. ஆனால், வீரர்கள் நிற்பதும், நகர்வதும், பழையபடி ஒரே நேர்க்கோட்டில் தான். இரண்டாம் பாகத்தின் பழைய வீரர்கள் எல்லாரையும் திரும்ப அழைத்து வந்தது. புதியவர்கள் சிலரையும் சேர்த்தது. தூங்கிய விளையாட்டு எழுந்து கொண்டது.

முசிறிப் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரியும். நம் ஊர்க் கோரைப்பாயை நினைத்துப் பாருங்கள். அன்று கைத்தறியில் நெய்தனர். இன்று இயந்திரத் தறியிலும் நெய்கின்றனர். சாயமும், டிசைனும் மாறிவிட்டன. ஆனால், காவிரிக் கரையில் விளையும் கோரை மாறவில்லை. கோரைக்குப் பதில் பிளாஸ்டிக்கை வைத்து நெய்தால், அது பாயாக இருக்கலாம், கோரைப்பாயாக இருக்குமா?

சரி, சண்டை விளையாட்டின், 'கோரை' எது? நெருப்புப் பந்தா, உதையா? இல்லை. இரண்டு பேர், சம பலத்தோடு எதிரெதிரே நிற்பது தான்! கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடியிருப்பீர்களே... அதே கணக்கு தான் இங்கும். அடித்தால், தடுக்கலாம். தடுத்துக் கொண்டே நின்றால், பிடித்து எறியலாம். பிடிக்க வந்தால், முந்திக் கொண்டு அடிக்கலாம். எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று யோசிப்பது தான் விளையாட்டு.

யோசிக்க நேரம் எவ்வளவு? திரையில், ஒரு நொடிக்கு, 60 படங்கள் ஓடுகின்றன. வேகமான குத்து ஒன்று, நான்கே படங்களில் வந்து சேரும். அதாவது, ஒரு நொடியில், 15ல் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குக் கூட அதை விட அதிக நேரம் ஆகும்!

இந்தக் கோரையைக் கவனிக்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016ல் வந்த ஐந்தாம் பாகம், தனியாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வென்று பழகும், 'ஆர்கேடு' முறை இல்லாமலேயே விற்பனைக்கு வந்தது. புதிதாக வருபவர்கள் எங்கே பழகுவது? ரசிகர்கள் கடிந்து கொண்டனர். அந்த முறையைச் சேர்க்க, 2018 ஆகிவிட்டது. அந்தப் பாடத்தால் தானோ என்னவோ, 2023ல் வந்த ஆறாம் பாகத்தில், எளிய பொத்தான் முறை, பழைய பொத்தான் முறை என, இரண்டையும் வைத்தனர். பேரனும், தாத்தாவும் கூட ஒன்றாக உட்கார்ந்து ஆடலாம்.

ஆகவே, 'பழசைப் புதுக் கருவிக்குக் கொண்டு வரலாமா?' என்று கேட்டால், தாராளமாகக் கொண்டு வரலாம் என்பது தான் என் பதில். பெரியவர்களின் நினைவை மட்டும் விற்காமல், சிறியவர்களுக்கும் வாசல் திறந்து வைத்தால், அது நல்ல வேலை.

ஆனால், விற்பவர்களுக்கு ஒரு கடமை இருந்தால், ஆடுபவர்களுக்கும் இருக்கிறது அல்லவா? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, காசு. 'பிளே ஸ்டேஷன் 5' போன்ற கருவியின் விலை, பல ஆயிரம் ரூபாய். விளையாட்டுக்குத் தனி விலை. பின்னால் சேரும் புதிய வீரர்களுக்கும் தனி விலை. பல வீடுகளில் அது, இரண்டு, மூன்று மாதச் செலவுக்கான பணம். 'பக்கத்து வீட்டில் இருக்கிறது' என்று அழுது, அப்பாவைக் கடன் வாங்க வைக்காதீர்கள். இருப்பவர் வீட்டில், அனுமதி கேட்டு, சேர்ந்து ஆடுங்கள். இந்த விளையாட்டு பிறந்ததே, பலர் கூடி, ஒரே இயந்திரத்தில் முறை வைத்து ஆடத்தான்.

இரண்டு, வயதும், நேரமும். அமெரிக்காவில், இந்த விளையாட்டை, 13 வயதும், அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது என்று வகைப்படுத்தி உள்ளனர். சிறியவர்கள், பெற்றோரைக் கேட்காமல் தொடக் கூடாது. பெரியவர்களும், வீட்டுப்பாடத்தை முடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஆட வேண்டும்.

மூன்று தான் மிக முக்கியம், எதிராளி. அந்தக் காலத்தில், தோற்கடித்தவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றான். இன்று, இணையம் வழியாக, முகம் தெரியாதவரோடு ஆடுகிறோம். முகம் தெரியவில்லை என்பதால், வாய்க்கு வந்ததைப் பேசலாமா? தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும், இணைப்பைத் துண்டிக்கலாமா? கூடவே கூடாது. திரைக்கு அந்தப் பக்கமும், உங்களைப் போல ஒரு பிள்ளை இருக்கலாம். அவர் இல்லையென்றால் விளையாட்டே இல்லை.

சீனாவின் ஹாங்சோவில், 2023ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 'ஸ்ட்ரீட் பைட்டர் 5'ம் பதக்கப் போட்டியாக இருந்தது. நம் நாட்டிலிருந்து, மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் ஆகியோர் கலந்து கொண்டனர். தங்கம் வென்றவர், தென் கொரியாவின் கிம் குவான் வூ. அவருக்கு அப்போது வயது, 44! சிறு வயதில் பிடித்த விளையாட்டைப் பல ஆண்டுகள் விடாமல் பழகியவர். ஒரே நாளில் யாரும் அந்த இடத்துக்கு வருவதில்லை.

முடிக்கும் முன், ஒரு கேள்வி. 1997ல் வந்த, 'டெக்கன் 3' விளையாட்டில், எடி கோர்டோ என்ற வீரர், பிரேசில் நாட்டின், 'கபோய்ரா' என்ற சண்டைக் கலையை ஆடினார். அதற்காக, நிஜமான கபோய்ரா ஆசிரியரின் அசைவுகளையே பதிவு செய்தனர். பிரேசிலைப் பார்த்தே இராத பிள்ளைகளும், அந்தக் கலையின் பெயரைத் தெரிந்து கொண்டனர்.

நம் சிலம்பம்?

அதற்கும், இப்போது புதிய மேடைகள் கிடைத்து வருகின்றன. 2024 ஜனவரியில், திருச்சி உட்பட நான்கு தமிழக நகரங்களில் நடந்த, 'கேலோ இந்தியா' இளையோர் விளையாட்டில், சிலம்பம், காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. தொடுமுறைச் சிலம்பத்தில், எதிராளியை வீழ்த்த வேண்டியதில்லை. கம்பு நுனியால் தொட்டாலே புள்ளி. ஆட்டம் துவங்கும் முன், எதிராளிக்கு வணக்கம் சொல்வது வழக்கம். பார்த்தீர்களா... நான் மேலே சொன்ன, 'கோரை' இங்கேயும் இருக்கிறது!

நாளை, உங்களில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்து, ஒரு சண்டை விளையாட்டை உருவாக்கலாம். அதில், காவிரிக் கரையிலிருந்து வந்த ஒரு பெண், கம்பைச் சுழற்றி நிற்கலாம். ஆனால், காலடி எடுத்து வைக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் மிச்சம் இருந்தால் தான், அந்த அசைவைப் பதிவு செய்ய முடியும். எனவே, பொத்தானைத் தட்டும் விரல்கள், விடுமுறை நாட்களில் கொஞ்சம் கம்பையும் பிடித்துப் பார்க்கட்டும்.

என்ன குட்டீஸ்... செய்வீர்கள் தானே?