தரையில் நின்று விமானம் நடத்துவோர்

விமானக் கம்பெனியில் உத்தியோகம் என்றதும் விமானியையும் பணிப்பெண்ணையுமே நம்மவர் நினைக்கின்றனர். மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் விமானத்தில் ஏறுவதில்லை. பிரயாணிகள் அவர் முகத்தைக் காண்பதுமில்லை. பிளைற் டிஸ்பாச்சர் என்று அவரை அழைப்பர். அமெரிக்காவில் இத்தொழிலுக்கான படிப்பை முடித்த இளைஞர் ஒருவர், நேர்முகப் பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வதென்று அண்மையில் நம்மிடம் கேட்டார். அவருக்குக் கூறியதையே இங்கும் எழுதுகின்றோம்.

முதலில் வேலை யாதெனக் காண்போம். பறப்பு எவ்வழியாகச் செல்வது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, சேருமிடத்தில் இறங்க இயலாவிடின் வேறெந்த நிலையத்தில் இறங்குவது என்பவற்றைத் தீர்மானித்துப் பத்திரந் தயாரிப்பவர் டிஸ்பாச்சர். அமெரிக்கச் சட்டம் நேர அட்டவணைப்படி நடக்கும் விமான சேவைகளில் அவரையும் கப்டனையும் கூட்டுப் பொறுப்பாளிகளாக வைத்திருக்கின்றது. பறப்பு பத்திரமாக நடைபெறும் என்று இருவரும் நம்பினாலன்றி அப்பத்திரத்தில் கையொப்பம் இடலாகாது. விமானம் கிளம்பிய பின்னரும் அவர் அதைக் கண்காணித்த வண்ணமே இருத்தல் வேண்டும். இதற்கெனக் குறைந்தது 200 மணி நேரம் படிக்க வேண்டும். 21 வயதில் எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றலாம்; சான்றிதழ் கிடைப்பதோ 23 வயதில்தான்.

இந்த ஏற்பாடு கைவிடப்பட்டால் நேர்வது என்ன? 1990 ஜனவரி 25 இல் கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் வந்த அவியாங்கா 52 ஆம் இலக்க விமானம், காலநிலை மோசமானதால் 1 மணி 17 நிமிடம் வானிலே வட்டமிட வைக்கப்பட்டது. ஈற்றில் எரிபொருள் தீர்ந்து லோங் ஐலண்டில் வீழ்ந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். எரிபொருள் அபாய நிலையை அடைந்துவிட்டதை விமானிகள் தெளிவாக அறிவிக்கவில்லை என்று விசாரணையாளர் கண்டனர். தரையிலுள்ள டிஸ்பாச் அமைப்பின் உதவியை அவர்கள் நாடாமையையும் ஒரு காரணமாகக் குறித்தனர்.

நேர்முகப் பரீட்சைக்கு அழைப்போர் இதையெல்லாம் மனத்திற் கொண்டே கேள்வி கேட்கின்றனர். நம் பிள்ளைகள் மனனஞ் செய்வதிற் சூரர். ஆனால் இங்கு விதியை ஒப்புவிப்பது பாதி வேலைதான். ஓர் உதாரணம் காட்டுவோம். உள்நாட்டுப் பறப்புக்கு மாற்று நிலையம் எப்போது தேவையில்லை? விமானம் சேரும் நேரத்துக்கு 1 மணி முன்னும் 1 மணி பின்னும், வானை மூடிய முகிலின் அடிமட்டம் 2,000 அடிக்கும், பார்வைத் தூரம் 3 மைலுக்கும் குறையாதிருந்தால் தேவையில்லை. இதைப் படித்தவர் எவரும் கூறுவர். பரீட்சகரோ ஒரு காலநிலைத் தாளை நீட்டுவார். அதில் முகில் 4,000 அடி என்றிருக்கும். அதன் கீழே, சில வேளைகளில் 1,500 அடி என்று ஒரு சிறு குறிப்பும் இருக்கும். மேல்வரியை மட்டும் படித்தவர் அங்கேயே தோற்றார். பொது விதியின்படி அச் 'சில வேளை'யையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். விசேட விலக்குப் பெற்ற கம்பெனிகளும் உள. ஆதலால் எந்த விதியின் கீழ் விடை சொல்கிறோம் என்பதையுஞ் சேர்த்துச் சொல்பவரே கெட்டிக்காரர்.

அடுத்துத் தவறாது வருவது கப்டனைப் பற்றிய கேள்வி. "நீர் கணித்ததற்கு மேல் 2,000 இறாத்தல் எரிபொருள் வேண்டுமென்று கப்டன் கேட்கிறார், என்ன செய்வீர்?" உடனே கொடுப்பேன் என்பவரும், சட்டப்படி போதிய எரிபொருள் உண்டு, கொடேன் என்பவரும் ஒருங்கே தவறு செய்கின்றனர். சட்டப்படி போதியது எவ்வளவு? சேருமிடம் வரைக்கும், தேவையாயின் அங்கிருந்து மாற்று நிலையம் வரைக்கும், அதன்மேல் 45 நிமிடத்துக்கும் வேண்டிய அளவு. அது கீழெல்லை மாத்திரமே. கப்டன் ஏன் கேட்கிறார் என்பதை முதலில் வினவ வேண்டும். அவர் கண்ட இடிமுகிலை நாம் காணாதிருக்கலாம். பின்னர், இறங்கும்போது விமானத்தின் நிறை எல்லையை மீறுமா, பிரயாணிகளையோ பொதிகளையோ இறக்க நேருமா என்று பார்த்து அவருடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இதையே திருப்பியும் கேட்பார்கள். கப்டன் போகலாம் என்கிறார், மேலதிகாரியும் அவசரப்படுத்துகிறார், உமக்கோ மனம் ஒப்பவில்லை, அப்பொழுது? இருபது வருட அனுபவமுள்ள ஒருவரிடம் வயதில் இளையவர் "முடியாது" என்று சொல்ல வேண்டிய இடம் இது. பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாது வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது இலேசானதன்று. குரலை உயர்த்தாமல், காரணத்தைக் காட்டி, என் கையொப்பம் இராது என்று சொல்லப் பழக வேண்டும். இப்பழக்கம் பரீட்சைக்கு முதல்நாள் இரவில் வந்துவிடாது.

ஆகவே நாம் அவ்விளைஞருக்குச் சொன்ன பயிற்சி இது. அமெரிக்க வானிலைத் திணைக்களம் விமான நிலையங்களின் அறிக்கைகளை இலவசமாக வெளியிடுகின்றது. கம்பெனி பறக்கும் நிலையங்களில் ஒன்றைத் தினந்தோறும் காலையில் எடுத்து, மாற்று நிலையம் வேண்டுமா, எது, ஏன் என்று கொப்பியில் எழுதுக. மாலையில் உண்மையில் நடந்ததோடு ஒப்பிடுக. பின்னர் அதைத் தாயிடமோ தங்கையிடமோ வாய்விட்டு விளக்குக. விமானமே அறியாத தாய்க்கு விளங்கினால் பரீட்சகருக்கும் விளங்கும். தெரியாததைக் கேட்டால் ஊகித்து விடை கூற வேண்டாம். எந்தக் கைந்நூலிற் பார்ப்பேன் என்று சொன்னாற் போதும்.

இரவுக் கடமையும் பண்டிகை நாட் கடமையும் புதியவர் தலையில்தான் விழும். அதற்குச் சம்மதமா என்று கேட்பார்கள். வீட்டாருடன் முன்னரே பேசி வைத்துக்கொள்வது நன்று.

இறுதியில், நீர் எம்மிடம் கேட்க விரும்புவது உண்டா என்பார்கள். சம்பளத்தைக் கேட்க வேண்டாம். ஒரு மேசையில் இருப்பவர் ஒரே வேளையில் எத்தனை விமானங்களைக் கவனிக்கிறார், காலநிலை கெட்ட நாளில் அத்தொகையைக் குறைப்பீர்களா என்று கேட்கலாம். அதற்கு அவர்கள் கூறும் விடையைக் கவனமாகக் கேட்டுக்கொள்க.