ஊரடங்கில் மனச்சோர்வு: போத்தனூரிலிருந்து ஜி.ஹெச் வரை அறுந்துபோனது என்ன?

கேரளாவில் நிபா என்று செய்தி வந்தால் போதும், வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பரிசோதனை தொடங்கிவிடும். கூடவே கோவை வாட்ஸ்அப் குரூப்களில் ‘மறுபடியும் லாக்டவுனா?’ என்ற கேள்வியும் வந்துவிடும். பெரும்பாலானோருக்கு அது அரை மணி நேரப் பதற்றம், அவ்வளவுதான். ஆனால், மனச்சோர்வுக்குத் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்கும்: அடுத்த மாத மாத்திரைக்கு என்ன வழி?

2020, 2021 ஊரடங்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அப்போ எல்லாருக்குமே டிப்ரஷன்தான்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அந்த ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே நோயோடு இருந்தவர்கள் காணாமல் போய்விட்டார்கள். சலிப்பும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, எழுந்து குளிப்பதே மலைபோலத் தெரிவது; இதெல்லாம் சேர்ந்தால்தான் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்.

உலகக் கணக்கு என்ன சொல்கிறது?

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்ற நோயும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. இது எல்லோருக்கும் தெரிந்த தலைப்புச் செய்தி. அதிகம் பேசப்படாத இன்னொன்று, நெதர்லாந்தில் சுமார் 1,500 பேரிடம் நடத்தி ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான ஆய்வு. ஏற்கெனவே மனச்சோர்வு, பதற்ற நோய் போன்றவை இருந்தவர்களுக்குப் பாதிப்பு மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரடங்கு வந்ததும் அது எகிறிவிடவில்லை. நோயே இல்லாதவர்களிடம்தான் அறிகுறிகள் அதிகம் கூடின.

அப்படியானால் ஊரடங்கு நோயாளிகளை ஒன்றும் செய்யவில்லையா? அவசரப்பட வேண்டாம். நெதர்லாந்தில் வீட்டு மருத்துவர், காப்பீடு, வேலை போனால் உதவித்தொகை என்று ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஏற்பாடு தாங்கிப் பிடிக்கும்போது கதவை மூடுவது மட்டுமே ஆளை வீழ்த்திவிடாது என்றுதான் அதைப் படிக்க வேண்டும். இங்கே கேட்க வேண்டியது, தாங்கிப் பிடிக்க வேண்டிய ஏற்பாடு ஊரடங்கில் என்ன ஆனது என்பதே. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் ஏதாவது ஒரு மனநலச் சேவை தடைபட்டோ நின்றோ போயிருந்தது.

ஏழு கிலோமீட்டர் தூரம்

போத்தனூர் ரயில் ஊர். ஜங்ஷனைச் சுற்றி ரயில்வே குடியிருப்புகள், அந்தப் பக்கம் குறிச்சி சிட்கோ, லேத் பட்டறைகள், பவுண்டரிகள். இங்கிருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது ஜி.ஹெச், ஏழு கிலோமீட்டர் சுமார் இருக்கும். டவுன் பஸ் பிடித்தால் ஆத்துப்பாலம், உக்கடம் வழியாகப் போய்விடலாம்.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு பயணிகள் ரயில் நின்றது. 24-ம் தேதி மாலை முதல் பஸ்ஸும் நின்றது. ஜூன் 1-ல் திரும்ப வந்த பஸ், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க மறுபடி நின்றது. பட்டறைக்கு வேலை இல்லை, கையில் கூலி இல்லை. சொந்த வண்டி இருந்தால் போகலாம். வழியில் மறிக்கும் போலீஸிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் விடுவார்கள். ஆனால் அந்தச் சீட்டில் ‘மனநலப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர், நடுரோட்டில் அதை எடுத்து நீட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இந்தத் தயக்கம் கிடையாது.

மில், பவுண்டரித் தொழிலாளர்கள் போகும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, கொரோனா சிகிச்சைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அது தேவையான முடிவுதான். ஆனால் அங்கே வேறு நோய்க்கு வந்து போனவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர், நோயைப் பொறுத்து, சிகிச்சைக்குள் வரவே இல்லை. ஆக, ஊரடங்கில் மாத்திரை நின்றுபோனவர்கள் யார்? வெட்கத்தையும் வீட்டாரின் ‘ஒண்ணுமில்ல, கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாப் போயிரும்’ என்ற பேச்சையும் தாண்டி, எப்படியோ டாக்டர்வரை வந்துவிட்ட சிலர்.

மாத்திரை திடீரென நின்றால்?

மனச்சோர்வு மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி உடனே வேலை செய்யாது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

சட்டென்று நிறுத்தினால் சில மருந்துகளில் சில நாட்களிலேயே தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், ஃப்ளூ மாதிரி உடல் அசதி வரும். 2020-ல் உடல் அசதி என்றாலே வீட்டில் எல்லோர் நினைப்பும் ஒரே இடத்துக்குத்தான் போகும். ‘கொரோனாவா இருக்குமோ’ என்று பயந்து இன்னும் ஒதுங்கிக்கொள்ள அதுவே காரணமாகிவிடும். இவை பெரும்பாலும் தணிந்துவிடக்கூடியவை. ஆனால் நோய் திரும்புவது மெதுவாக, சில வாரங்கள், மாதங்கள் கழித்து நடக்கும். அப்போது அதை யாரும் ஏப்ரலில் நின்றுபோன மாத்திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

போனில் டாக்டரைப் பார்க்கலாமே?

பார்க்கலாம். தொலைமருத்துவ வழிகாட்டுதல் 2020 மார்ச் 25 அன்றே வந்துவிட்டது. ஏப்ரலில் ‘இ-சஞ்சீவனி ஓ.பி.டி’ தொடங்கியது, அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெங்களூரு நிமான்ஸ் இலவச உதவி எண் கொடுத்தது. உண்மையிலேயே வேகமான வேலை.

சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. நாள் முழுக்க எல்லோரும் உள்ளே. ‘எனக்கு வாழவே பிடிக்கலீங்க டாக்டர்’ என்று மாமியாரும் பிள்ளைகளும் காதில் கேட்க யார் சொல்வார்கள்? வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போனும் ஆன்லைன் கிளாஸுக்குப் போய்விட்டது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் சில தூக்க, பதற்ற மாத்திரைகளைத் தொலைமருத்துவத்தில் எழுதித் தரவும் விதியில் இடமில்லை. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

கொங்குக்கு மட்டும் நீண்ட பூட்டு

இரண்டாவது அலையில் கோவையின் கதை சென்னையிலிருந்து பிரிந்தது. 2021 மே கடைசியில் தினசரி பாதிப்பில் கோவை சென்னையை முந்தியது. ஜூன் 7 முதல் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வுகள் வந்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட 11 மாவட்டங்களுக்குக் குறைவாகத்தான் கிடைத்தன. மாநிலம் முழுக்க ஒரே விதி என்று வந்தது ஜூலை 5-ல்தான். தொற்று அதிகமான இடத்தில் கட்டுப்பாடு நீள்வதில் தவறில்லை. பூட்டு நீண்ட அதே அளவுக்கு மாத்திரைக்கான வழியும் நீட்டிக்கப்பட வேண்டும் என்ற பேச்சுதான் அப்போது பெரிதாக எழவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், தமிழ்நாட்டில் தற்கொலைகள் 2019-ல் 13,493, 2020-ல் 16,883, 2021-ல் 18,925. முதல் ஆண்டில் மட்டும் 25 சதவீத உயர்வு; நாடு முழுக்க அது 10 சதவீதம். இதை அப்படியே ஊரடங்கின் கணக்கில் எழுதிவிட முடியாது. கடன், குடும்பப் பிரச்சினை, குடி, நோய் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் இந்த எண்களைப் பார்த்த பிறகும் மனநல மாத்திரையை ‘அவசியமில்லாத’ மருந்தாக நினைக்க முடியாது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2022 அக்டோபரில் ‘டெலி மனஸ்’ வந்தது. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முடியும் என்று காட்டியது. அதன் மையம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மனச்சோர்வு மாத்திரையையும் அதே பையில் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் பையைக் கொண்டுவரும் பெண் பெரும்பாலும் அதே பகுதிக்காரர். எந்த வீட்டுக்கு என்ன மாத்திரை போகிறது என்று தெருவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு முதலில் விடை வேண்டும். மருந்துப் பெயர் வெளியே தெரியாத உறை, இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகத் தருவது போன்ற எளிய வழிகள் உண்டு. மொத்தமாகத் தருவதிலும் ஆபத்து உண்டு. தற்கொலை எண்ணம் இருப்பவர் கையில் அவ்வளவு மாத்திரை இருக்கக் கூடாது. அதை டாக்டர்தான் ஆளுக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் அடுத்த பூட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியவை: மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைப்பது, மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் தெரிந்துகொள்வது, ஆஸ்பத்திரி போக முடியாமல் போனால் என்ன செய்வது என்று அடுத்த முறை டாக்டரிடமே கேட்டுவிடுவது, வீட்டிலோ நட்பிலோ ஒருவரிடமாவது சொல்லி வைப்பது.

மனநல உதவிக்கு: டெலி மனஸ் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி மையம் 104. சிநேகா, சென்னை 044-24640050.