பாதி பாதியாகத் தேடுங்க

பிறந்த நாளுக்கு வாங்கிய ரயில் செட் பல வீடுகளில் இரண்டாவது கட்டத்தைத் தாண்டுவதில்லை. முதல் கட்டத்தில் ஒரு வட்டம், ஒரு என்ஜின், எல்லாம் ஜோராக ஓடும். அப்புறம் பிள்ளைக்கு ஆசை வரும்: இன்னொரு பாதை, நாலு பாயிண்ட், ரெண்டாவது என்ஜின். அங்கேதான் தொல்லை ஆரம்பம். மேசையின் அந்த மூலையில் ரயில் தயங்கும், நிற்கும், சில நேரம் மொத்தமும் அணைந்துபோகும். யாராவது ஒருத்தர் "கெட்டுப்போச்சு"ன்னு சொல்லிவிட்டால் போதும், பெட்டி பரணுக்குப் போய்விடும்.

பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. கரன்ட் போக வேண்டிய இடத்துக்குப் போகலை, அல்லது போகக் கூடாத இடத்துக்குப் போகுது. ரெண்டையும் பத்து வயதுப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம்.

முதலில் தண்டவாளத்தில் என்ன நடக்குதுன்னு பார்த்துவிடுவோம். பழைய அனலாக் முறையில் தண்டவாளத்தின் வோல்ட்டேஜ்தான் வேகம். பிளஸ், மைனஸை மாற்றினால் திசை மாறும். டிஜிட்டல் முறைக்கு டி.சி.சி. என்று பெயர். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் 1990களில் அதைப் பொதுத் தரமாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஹெச்.ஓ. அளவு ரயிலுக்கு சுமார் 14, 15 வோல்ட். அந்த மின்சாரமே பிளஸ், மைனஸ் மாறி மாறித் துடிக்கும். அரைத்துடிப்பு 58 மைக்ரோ விநாடி என்றால் அது 1. 100 மைக்ரோ விநாடி என்றால் 0. என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் அதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும்.

ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் சரிபார்க்கும் எண் ஒன்று உண்டு. கணக்கு ஒத்துப்போகலைன்னா டீகோடர் அந்தக் கட்டளையைத் தூக்கிப் போட்டுவிடும். கன்ட்ரோல் பெட்டியோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் என்ஜின் விக்கி விக்கிப் போனால், அதற்குக் கட்டளை புரியலைன்னு நினைக்க வேண்டாம். அதற்குச் சாப்பாடு போய்ச் சேரலை, அவ்வளவுதான்.

சாப்பாடு ஏன் போய்ச் சேரலை? தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வரால் ஆனது. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. செம்பைவிடப் பல மடங்கு அதிகமாக மின்சாரத்தைத் தடுக்கும். துண்டுக்குத் துண்டு கோக்கிற ஜாயினர் அதைவிட மோசம்: நாளாக ஆகத் தளரும், கருக்கும். ஒரே ஒரு இடத்தில் கரன்ட் கொடுத்துவிட்டு, பத்து ஜாயினரைத் தாண்டி மறுமூலைக்குப் போகணும்னு எதிர்பார்த்தால் எப்படி?

அதற்குத்தான் பஸ் வயர். மேசைக்கு அடியில் தடித்த செம்பு வயர் ஒரு ஜோடி ஓடணும். அமெரிக்கா, கனடாவில் 14 கேஜ். மற்ற நாடுகளில் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று கேளுங்க. அதிலிருந்து சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு முறை மெல்லிய ஃபீடர் வயர் மேலே ஏறித் தண்டவாளத்தில் சால்டர் ஆகணும். அதற்கு 20 அல்லது 22 கேஜ் போதும். கூடியவரை குட்டையாக இருக்கட்டும். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்ளுக்குக் கறுப்பு என்று ஒரு முடிவு செய்து, கடைசி வரை மாற்றாதீங்க. ஒவ்வொரு ஜோடியைச் சேர்த்ததும் கரன்ட் கொடுத்துப் பாருங்க. இருபதையும் சேர்த்த பிறகு பார்த்தால், தலைகீழாகப் போன அந்த ஒன்றைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மென்பொருள் எழுதுகிற எங்களுக்கும் இதே விதிதான்: கொஞ்சம் எழுது, ஓட்டிப் பார், அப்புறம் மேலே போ.

பழைய அனலாக் செட்டின் தண்டவாளத்தை டிஜிட்டலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் ரெண்டு விஷயம் கவனிக்கணும். கரன்ட் கொடுக்கிற துண்டில் சிறிய கெப்பாசிட்டர் இருக்கலாம்; அது டி.சி.சி. துடிப்பைக் கெடுக்கும், எடுத்துவிடுங்க. பழைய அனலாக் கன்ட்ரோலரையும் புதியதையும் ஒரே பாதையில் ஒருபோதும் இணைக்காதீங்க.

இனி விளையாட்டில்லாத விஷயம். ரயில் தடம் புரண்டு சக்கரம் இரு தண்டவாளத்தையும் தொட்டால் ஷார்ட். கன்ட்ரோல் பெட்டி உடனே அணைய வேண்டும். வயரிங் மோசமாக இருந்தால் அந்த மூலையில் ஷார்ட் ஆனது பெட்டிக்குத் தெரியாது, கொடுத்துக்கொண்டே இருக்கும். 5 ஆம்பியர் பெட்டி, 15 வோல்ட் என்றால் 75 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 30, 40 வாட்தான். இத்தனை சூடு ஒரு குட்டி பிளாஸ்டிக் சக்கரக் கூட்டில் இறங்கினால் உருகும்.

இதற்குக் காசு சோதனை. என்ஜின்களை எடுத்து வைத்துவிட்டு, ஒரு பெரிய காசைத் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நொடி வையுங்க. பெட்டி பட்டென்று அணையணும். மேசையின் ஒவ்வொரு பகுதியிலும் இதைச் செய்யணும். அணையாத இடத்தில் இன்னொரு ஃபீடர் தேவை. அதைச் சேர்க்காமல் அங்கே ரயில் ஓட்டாதீங்க. சுவரில் சொருகும் அடாப்டரை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. அதற்குள் வீட்டு மின்சாரம்.

இப்போது பழுது தேடும் முறை. ரயில் நின்றால் பிள்ளையிடம் ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த என்ஜின்? எந்த இடம்? எல்லா என்ஜினும் ஒரே இடத்தில் நின்றால் குறை தண்டவாளத்தில். ஒரே என்ஜின் எல்லா இடத்திலும் நின்றால் குறை என்ஜினில். முதலில் அதன் சக்கரத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்க. ரெண்டு என்ஜின் சேர்ந்தே ஓடினால் பேய் இல்லை; புது டீகோடர்கள் பொதுவாக 3 என்ற எண்ணோடுதான் வரும். ஒன்றை மட்டும் புரோகிராமிங் பாதையில் வைத்து எண்ணை மாற்றினால் சரி.

குறை தண்டவாளத்தில் என்றால் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து அளக்கலாம். சாதாரண மீட்டர் டி.சி.சி.யைத் துல்லியமாகக் காட்டாது, ஆனால் இந்த இடத்தையும் அந்த இடத்தையும் ஒப்பிடப் போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: சுமை இல்லாமல் அளந்தால் மோசமான ஜாயினர்கூட நல்ல பிள்ளை மாதிரி முழு வோல்ட்டேஜ் காட்டும். தண்டவாளத்தின் குறுக்கே 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை எரியவிட்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பல்பு சுடும், அது உங்கள் கையில் இருக்கட்டும்.

மொத்தமும் அணைந்தால் ஷார்ட். எல்லா வண்டிகளையும் எடுத்த பிறகும் போகலைன்னா பாதையில்தான் இருக்கு. இங்கேதான் பாதி பாதியாகத் தேடுவது. மேசையை முன்பே இன்சுலேட்டட் ஜாயினரால் 8 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்திருந்தால், 4 பகுதியைக் கழற்றுங்க. ஷார்ட் போயிடுச்சா? அந்த நாலில் ஒன்று. போகலையா? மிச்ச நாலில் ஒன்று. பிறகு 2, பிறகு 1. மூன்றே சோதனையில் இடம் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததைத் தாளில் எழுதணும்.

போன ரயில் சுற்றி அதே பாதைக்கு எதிர்த்திசையில் திரும்புகிற வளையம் உங்கள் மேசையில் இருந்தால், ஷார்ட் வந்தே தீரும். வலது தண்டவாளம் இடதைப் போய்த் தொடுகிறது. பிள்ளையைச் சிவப்புப் பென்சிலால் ஒரு தண்டவாளத்தை வரைந்துகொண்டே போகச் சொல்லுங்க, தானே கண்டுபிடிக்கும். வளையத்தின் இரு முனையிலும் இரு தண்டவாளத்தையும் வெட்டி, ஆட்டோ ரிவர்சர் மாட்டணும். அந்தப் பகுதி உங்களிடம் உள்ள மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கணும்.

இத்தனையும் தெரிந்த பிறகு, "இங்கே கொடு, நான் பார்க்கிறேன்"னு கை நீளும். நம்ம வீடுகளில் அது அன்புதான். ஆனால் நீங்கள் சரிசெய்தால் ரயில் ஓடும்; அடுத்த முறை நிற்கும்போது பிள்ளை மறுபடி "கெட்டுப்போச்சு"ன்னுதான் வரும். சூடான சால்டரிங் அயர்ன் உங்களிடம் இருக்கட்டும். எதைக் கழற்றுவது, அடுத்து எங்கே தேடுவது என்று பிள்ளை சொல்லட்டும்.

இந்த வாரம் ஒரு காசோடு ஆரம்பிங்க. எந்தெந்த மூலையில் பெட்டி அணையலைன்னு பிள்ளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். ஃபீடர் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.