முருங்கை: காய்க்கா, தழைக்கா?

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் கறவை மாட்டுக் கடன் கோரும் அங்கத்தினர் சிலர், தம் மனுக்களில் முருங்கையை இருமுறை வரவு வைத்திருக்கக் காண்கிறேன். காய் விற்ற பணம் ஒரு வரவு. அதே மரத்தின் தழையால் மிச்சமாகும் தீவனச் செலவு மற்றொன்று. மனுக்களைப் பரிசீலிக்கும் இன்ஸ்பெக்டர் என்ற முறையில் இக்கணக்கை நான் ஏற்பதற்கில்லை. தழைக்காக அடிக்கடி வெட்டப்படும் முருங்கைக்குப் பூக்க அவகாசம் ஏது?

நமக்கு அண்மையிலுள்ள பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையின் புகழை யாவரும் அறிவர். விதைத்த ஆறு மாதத்திற்குள் காய் பறிக்கலாம். காயும் இரண்டடிக்கு மேல் நீளும். பின்னர் வந்த பி.கே.எம். 2இன் காய் அதனினும் நீளம். ஆனால் இவையெல்லாம் காயின் பெருமைகளே. மாட்டுக்கு வேண்டியது காயின் நீளமன்று.

தழைக்கென நோக்கினும் நான் செடிமுருங்கையையே ஆதரிப்பேன், காரணம் வேறு. அது விதையால் வருவது. ஆகையால் நெருக்கமாக விதைக்கலாம். ஆணிவேர் ஆழ இறங்குவதால் கோடையையும் ஓரளவு தாங்கும். மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவாவில் 1990களில் இவ்வாறு நெருக்கி விதைத்து, சுமார் நாற்பது நாளுக்கொரு முறை அறுத்துக் கறவை மாடுகளுக்கு இட்டுப் பார்த்தனர். யாழ்ப்பாணம் போன்ற மரமுருங்கை வகைகளைப் போத்து நட்டே பெருக்குகிறோம். ஒரு குழி நிலத்தை நிரப்பவே எத்தனை போத்து வேண்டும்! அவை வேலியோரத்திலும் கிணற்றடியிலும் நின்று நெடுநாள் பயன் தரட்டும்.

மலைச்சரிவு அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரும் ஈரமும் நிழலும் முருங்கைக்கு ஆகா. போடிமெட்டை நோக்கி ஏற ஏற அது சோர்ந்துவிடும்; ஏலக்காட்டில் அதற்கு இடமில்லை. மிளகுக்கொடி ஏற்றும் முள்முருங்கை பெயரளவில்தான் உறவு. உண்மையில் அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆடுகள் விரும்பித் தின்னும் அதன் தழையை மலையிலுள்ளோர் நாடலாம்.

சங்கங்கள் இதற்கெனக் கடன் வழங்குமுன், அங்கத்தினர் ஒருவர் நிலத்தில் ஐந்து சென்ட்டில் இவ்விரகங்களை அருகருகே பயிரிட்டு, ஓராண்டு முழுவதும் அறுவடைதோறும் எடை பார்க்கட்டும். குச்சியை நீக்கித் தழையை மட்டுமே நிறுத்தல் வேண்டும். தடித்த குச்சியை மாடு ஒதுக்கிவிடும், தராசு ஒதுக்காது. அவ்வெடை கைக்கு வரும்வரை, இரு வரவு காட்டும் மனுக்களில் ஒன்றை அடித்த பின்னரே நான் கையொப்பமிடுவேன்.