முதலில் திறப்பு, பிறகு இடிப்பு

கொழும்பு கொம்பனித்தெரு ரயில் நிலையத்தைச் சுற்றி மாடிகள் எழும்பினால் தண்ணீரூற்றில இருக்கிற உங்களுக்கு என்ன எண்டு கேட்கிறார்கள். எங்கட ஊருக்கு ரயிலே இல்லை, உண்மைதான். ஆனால் இது எங்களுக்குத் தெரிந்த கதை.

2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் படையினர் நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த ஆண்டுதான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. 2012 இல் எங்களுக்குப் பக்கத்துக் கேப்பாப்பிலவு மக்களை மெனிக் பாமிலிருந்து ஏற்றி, ஊருக்கு விடாமல் சீனியாமோட்டையில் இறக்கினார்கள். அதற்கு "மாதிரிக் கிராமம்" எண்டு பெயர். கொழும்பில் அதற்குப் பெயர் "அபிவிருத்தி".

ரயிலடியில் நிறையப்பேர் வாழவேணும், வீதியில் வாகனம் குறையும் எண்டு சொல்லினம். நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ரயிலிலும் கால்நடையிலும் வேலைக்குப் போனவர்களை எழுப்பிவிட்டு, கார் நிறுத்த இடம் கேட்கிறவர்களைக் குடியேற்றினால் வாகனம் எப்படிக் குறையும்?

பேரே வாவிக்கரையில் 68 மாடி அல்டெயார் எழும்பிவிட்டது. இடத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்கள் பலவும் ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளில் காத்திருந்த பிறகுதான் தங்கட மாடி வீட்டுத் திறப்பைக் கண்டன. சொந்த முற்றம் போய்விட்டது.

மாடிக்கு நாங்கள் எதிரி இல்லை. மக்களின் கையில் திறப்பும் உறுதியும் வரட்டும், பிறகு இடியுங்கோ. கேப்பாப்பிலவுப் பெண்கள் 2017 இல் முகாம் வாசலில் குந்தியிருந்தபடியால்தான் காணியில் ஒரு பகுதியாவது திரும்பி வந்தது. கொம்பனித்தெருச் சனத்துக்கு நாங்கள் சொல்லக்கூடியது அதுதான்: எழும்பாதேங்கோ.