பிள்ளை ஏன் வெளுக்கிறது?

காய்ச்சல் வராத குழந்தை கிடையாது. வரும், இரண்டு நாள் கஞ்சி குடித்தால் போய்விடும். போகாத காய்ச்சலைப் பற்றித்தான் இன்று சொல்கிறோம்.

நாலு நாள் விட்டு மீண்டும் காய்ச்சல். பிள்ளை நாளுக்கு நாள் வெளுக்கிறது. விளையாடப் போகாமல் சுருண்டு படுக்கிறது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு. காலில் கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். கழுத்தில் நெறி கட்டுகிறது. இரவில் கால் எலும்பு வலிக்கிறது என்று அழுகிறது. "வளருகிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்பார் பாட்டி. அவர் சொல்வது பல சமயம் சரி. ஆனால் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உடனே ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் இப்படித்தான் தலைகாட்டும்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. இந்த நோயில் முதிராத வெள்ளை அணுக்கள் அங்கே பெருகி, களை பயிரை மூடுவதுபோல் மூடிவிடுகின்றன. சிவப்பு அணு குறைவதால் வெளுப்பு. தட்டணு குறைவதால் ரத்தக் கசிவு. நோயை எதிர்க்கும் நல்ல வெள்ளை அணு இல்லாததால் ஓயாத காய்ச்சல்.

திருவள்ளூர் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. மழைக்காலம் வந்தால் டெங்குவும் வரும். தட்டணு குறைவு என்றதும் டெங்கு என்று முடிவு கட்டி, பப்பாளி இலையை இடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். டெங்குவில் குறைந்த தட்டணு, காய்ச்சல் விட்ட சில நாட்களில் ஏறத் தொடங்கும். ஏறவில்லையா? டாக்டரிடமே கேளுங்கள்: "ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தீர்களா? மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா?" கேட்பதில் தப்பு இல்லை. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பெரியவர்களுக்கும் இந்த நோய் வரும். பென்சீன் என்ற ரசாயனத்தின் ஆவியை நெடுநாள் சுவாசிப்பது அதற்கு ஒரு காரணம். பெட்ரோலிலும் சிலவகைத் தின்னரிலும் அது உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தம்பிகளே, பெட்ரோலை ஊற்றிக் கை கழுவாதீர்கள். சோப்பு இருக்கிறது.

ரத்தப் புற்று என்றால் சாவுதான் என்ற காலம் போய்விட்டது. நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து 1960-களில் வின்கிறிஸ்டின் என்ற மருந்து வந்தது. (செடியை அரைத்துக் குடித்துவிடாதீர்கள்; விஷம்.) அதையும் வேறு மருந்துகளையும் சேர்த்து உரிய முறையில் கொடுத்தால், குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி கிட்டத்தில்தான். அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நடக்கும். இரண்டு மாதத்திலேயே பிள்ளை தேறி ஓடியாடும். "குணமாகிவிட்டதே" என்று அப்போது நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பி வரும்; இரண்டாம் முறை அதை அடக்குவது மிகவும் கஷ்டம்.