மூட்டு வலி மாத்திரையால் சிறுநீரகம் கெடுமா?

“என் அப்பாவுக்கு 68 வயது. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தினமும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார். ஒரு வாரமாகப் பாதம் வீங்கியிருக்கிறது. வலி மாத்திரைதான் காரணமா?”

- வாசகர், வாடிப்பட்டி.

“காரணமாக இருக்கலாம். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். வயதானவர்களுக்கும், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உழைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு இறந்தால், அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கு அந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனால், மருத்துவரைக் கேட்காமல் தினமும் விழுங்கக்கூடியதும் அல்ல.

வலி மாத்திரையை உடனே நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும், இதயக் கோளாறாலும்கூடப் பாதம் வீங்கும். எனவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா மாத்திரை அட்டைகளையும் காட்டி, ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் காட்டலாம். சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வலிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு காலுக்கும் 10 முறை செய்தால் தொடைத் தசை வலுவாகி, மூட்டின் பாரம் குறையும். சம்மணம் போடுவதையும் குந்தி உட்கார்வதையும் குறைக்கட்டும். நடமாட முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஊர் செவிலியரிடம் கேளுங்கள்.”